இரண்டாயிரம் ரூபாய் ஹேண்டியில் எவ்வளவு தூரம் பேசலாம்?

10 செப்டம்பர் 2023 | கேள்வி

அண்ணாச்சி, ஹாம் எனும் அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். காலேஜில் சீனியர் ஒருவர் சொல்கிறார்: "பாஃபெங் யுவி-5ஆர் மாதிரி ரெண்டாயிரத்துச் சொச்சம் ஹேண்டி, அதாவது கையடக்க வாக்கி-டாக்கி செட், எல்லாம் பொம்மை. தெருமுனை தாண்டாது. வாங்கினால் இருபதாயிரத்துக்கு வாங்கு, இல்லை என்றால் வாங்காதே." உண்மையா? 5 வாட் என்று போட்டிருக்கிறதே, எத்தனை கிலோமீட்டர் போகும்?

10 செப்டம்பர் 2023, இரவு

பொம்மை இல்லை. நான் 6 வருஷமாக அந்த ரகச் செட்தான் வைத்திருக்கிறேன், பாளையங்கோட்டையில். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதுதான் தவறான இடத்தில் தொடங்குகிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய கண் பார்க்கும் தூரம்தான் போகும். வாட்டைக் கேட்காதே, எங்கே நின்று பேசப்போகிறாய் என்று கேள்.

ஒரு கணக்கு சொல்கிறேன், தேர்விலும் உதவும். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கு. அதுதான் ரேடியோ அலைக்கு அடிவானம், கிலோமீட்டரில். கையில் பிடித்துத் தெருவில் நின்றால் ஒன்றரை மீட்டர்: 5 கிலோமீட்டர். அந்தப் பக்கமும் ஒருவர் அப்படியே நின்றால் இரண்டும் சேர்ந்து 10. அதுவும் நடுவில் வீடு, மரம், மேம்பாலம் ஒன்றும் இல்லாத பொட்டல் காடாக இருந்தால். ஊருக்குள் 2 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. சீனியர் தெருவில் நின்றே பார்த்திருப்பார், அவர் சொன்னதில் பொய் இல்லை.

அதே செட்டை 9 மீட்டர் மொட்டைமாடிக்குக் கொண்டுபோ: 12 கிலோமீட்டர். 100 மீட்டர் குன்று: 41. ஆயிரம் மீட்டர் மலை: 130. செட் அதேதான், பேட்டரியும் அதேதான்.

10 செப்டம்பர் 2023, பின்னும் கொஞ்சம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். உரிமம் வரும்வரை செட் வாங்காதே. பேசுவதற்கு மட்டும் இல்லை, வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆன்லைனில் கிடைக்கிறதே என்று நினைக்காதே.

12 வயது ஆகியிருந்தால் யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் என்னும் முதல்படி உரிமத்துக்கு மோர்ஸ் (தந்திக் குறியீடு) கிடையாது. அதற்கு மேல்படியான ஜெனரலுக்கு மோர்ஸில் நிமிஷத்துக்கு 8 சொல் வேகம். இந்தச் செட்டுக்கு ரெஸ்ட்ரிக்டட் போதும்.

உரிமம் வந்த பிறகும் ஒரு கட்டுப்பாடு. செட் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் திறந்து கிடக்கும், எந்த எண்ணை அடித்தாலும் பட்டனை அழுத்தினால் அலை போய்விடும். நமக்கு உள்ளது 144 முதல் 146, மேலே 434 முதல் 438. அவ்வளவுதான். 156.8 கடலில் இருப்பவர்களின் அவசர அலைவரிசை. நம் பக்கம் தூத்துக்குடி, மணப்பாடு, உவரி என்று படகுகள் அதை நம்பிப் போகின்றன. அந்த எண்ணில் விரல் பட்டுவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பு. செட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்கும்போது கீ-லாக் போட்டுத்தான் கொடுப்பேன்.

12 செப்டம்பர் 2023

தனியாக இன்னொருவர் கேட்டது: "எல்லாம் சரியாகப் போட்டேன், உரிமமும் இருக்கிறது, ரிப்பீட்டர் (நம் அலையை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்கிறது, ஆனால் யாருமே பேசுவதில்லை."

பேசுகிறார்கள். உங்கள் செட்தான் வாயை மூடி வைத்திருக்கிறது. மெனு 11-ஐப் பாருங்கள், ஆர்-சிடிசிஎஸ். அதிலும் டோன், அதாவது குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய அடையாள ஒலி, போட்டிருப்பீர்கள். ரிப்பீட்டர் தன் பங்குக்கு டோன் அனுப்பாவிட்டால் செட் ஸ்பீக்கரைத் திறக்கவே திறக்காது. மெனு 13-இல் மட்டும் டோன் வையுங்கள், அது நாம் அனுப்புவதற்கு. 11-ஐ ஆஃப் செய்யுங்கள்.

புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். நானும் முதல் 2 வாரம் ஊரே அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேச அழுத்தும் பிடிடி பட்டனுக்குக் கீழே இருக்கும் மானிட்டர் பட்டனை அழுத்தினேன். நடுப்பேச்சில் இரண்டு பேர், மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிஷம் இன்னும் நினைவிருக்கிறது.

13 செப்டம்பர் 2023

மேலே சொன்னதோடு சேர்த்து: மெனு 7 டிடிஆர், இரட்டைக் கண்காணிப்பு. முதலில் அதை அணைத்துவிடுங்கள். மேல் வரியில் ரிப்பீட்டர், கீழ் வரியில் வேறு ஏதோ எண். கீழ் வரியில் ஒரு சத்தம் வந்து அந்த நேரம் பட்டனை அழுத்தினால் அலை கீழ் வரியில் போய்விடும். ஹாம் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கீழே கேட்பதற்கு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேசி முடித்ததும் சத்தம் போடும் மெனு 39 ரோஜர் பீப்பும் ஆஃப். மெனு 14-இல் பட்டன் அழுத்தினால் பேசும் அம்மாவையும் ஆஃப் செய்யலாம், வீட்டில் தூங்குகிறவர்களுக்கு நல்லது.

1 அக்டோபர் 2023

செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா பற்றி. ஒரு விரல் நீளம். 145-இல் கால் அலை நீளம் ஏறக்குறைய அரை மீட்டர் இருக்க வேண்டும், அதைச் சுருட்டி இந்த விரலுக்குள் அடைத்திருக்கிறார்கள். 5 வாட்டில் பெரும்பகுதி சூடாகவே போகும். ஆன்டெனாவுக்கு மறுபாதியாக நிலம், அதாவது கிரவுண்ட், வேண்டும். அந்த நிலம் நம் கையும் உடம்பும்தான், அதனால்தான் மேஜையில் வைத்தால் ஒரு மாதிரியும் கையில் எடுத்தால் வேறு மாதிரியும் கேட்கிறது.

செலவே இல்லாத மருந்து: 49 சென்டிமீட்டர் சாதாரண வயர். ஒரு முனையைச் சீவி வளையமாக முறுக்கி, ஆன்டெனாவைக் கழற்றி அதன் அடியில் வெளி உலோகத்தைத் தொடும்படி மாட்டி, மறுபடி திருகிவிட வேண்டும். நடு ஊசியை மட்டும் தொடவே கூடாது. வயர் வாலாகத் தொங்கும். புலிவால் என்று வெளிநாட்டு ஹாம்கள் சொல்வார்கள். என் வீட்டில் அதற்குக் கரிச்சான் வால் என்று பெயர். சந்தேகப்படுகிறவர்கள் மங்கலாகக் கேட்கும் ஒரு ரிப்பீட்டரில் வாலோடும் வால் இல்லாமலும் பேசி எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்.

இனி பெரிய மருந்து. பழைய டிவி ரிப்பன் வயர். 300 ஓம். 40 வயது தாண்டியவர்களுக்குத் தெரியும்: மாடியில் ஆன்டெனா, அதிலிருந்து தட்டையாக, இரண்டு ஓரமும் கம்பியும் நடுவில் பிளாஸ்டிக்குமாக இறங்கி வரும். இலங்கை டிவியான ரூபவாஹினிக்காக நம் ஊரில் எத்தனை வீட்டில் ஆன்டெனா தென்கிழக்கே திரும்பி நின்றது! அந்த ரிப்பனில் ஒன்றரை மீட்டர் எடுத்து ஸ்லிம்-ஜிம் என்னும் ஒல்லி ஆன்டெனா செய்தேன். இரண்டு நுனியையும் தனித்தனியே சேர்த்துப் பற்றவைத்து, ஒரு பக்கக் கம்பியில் கீழிருந்து கால் அலை தூரத்துக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. அடிப்பகுதியில் பற்றவைத்த இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் மேலே கேபிள். சரியான இடத்தை ஏற்றி இறக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆன்டெனா பொருத்தத்தை அளக்கும் மீட்டர் (எஸ்டபிள்யூஆர் மீட்டர்) இல்லாதவர் இருப்பவரிடம் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும், கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து மேலே மூடி போட்டு, தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் கட்டினேன்.

மொத்தச் செலவு கேபிளும் ஒரு கனெக்டரும்தான். ஒரு எச்சரிக்கை. இந்தச் செட்டில் ஆன்டெனா முனை மற்ற செட்களுக்கு நேர் எதிர். செட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், ஆன்டெனாவில் துளை. கடையில் செட்டையே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அன்று மாலை, கீழே நின்றால் இரைச்சலாக மட்டும் வந்த செய்துங்கநல்லூர் நண்பர், பக்கத்து அறையில் பேசுவது போல வந்தார். 14 கிலோமீட்டர். அவர் பக்கம் வெறும் ரப்பர் ஆன்டெனா.

8 அக்டோபர் 2023

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கேபிளை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டர் போட்டிருந்தேன். 145-இல் அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 2 டெசிபல் போகும். 5 வாட் கீழே கொடுத்தால் மேலே போய்ச் சேர்வது 3 வாட் சொச்சம். 435-இல் இன்னும் மோசம்.

டிஷ் டிவிக்கு வரும் ஆர்ஜி-6 கேபிளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 75 ஓம், நமக்கு வேண்டியது 50. பொருந்தாது என்று புத்தகம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பொருத்தமின்மையால் போவது கொஞ்சம்தான், கேபிளில் மிச்சமாவது அதைவிட அதிகம். எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கனெக்டர் பற்றவைப்பதுதான் கஷ்டம், அலுமினியப் பின்னல் ஈயத்தில் ஒட்டாது, இறுக்கிப் பிடிக்கும் ரகம் வாங்க வேண்டும்.

8 அக்டோபர் 2023

1 வாட்டா 5 வாட்டா என்று கேட்டிருந்தார் ஒருவர். இரண்டுக்கும் 7 டெசிபல். காதுக்கு அது சின்ன வித்தியாசம், பேட்டரிக்குப் பெரிது. கேட்கிறது என்றால் 1 வாட்டில் பேசுங்கள்.

29 அக்டோபர் 2023

கவலையான விஷயம். தம்பியின் சீனியர் சொன்ன இன்னொரு குற்றச்சாட்டு: மலிவு செட்கள் கேட்ட இடத்தில் மட்டும் இல்லாமல் இரட்டிப்பு, மும்மடங்கு எண்களிலும் அலை துப்பும் என்பது. இது வீண்பேச்சு இல்லை. அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் ஆய்வகத்தில் சோதித்தபோது மலிவு ஹேண்டிகள் பல தேறவில்லை.

என் கணினியில் சொருகும் சின்ன எஸ்டிஆர் டாங்கிளை (எந்த எண்ணில் அலை இருக்கிறது என்று திரையில் காட்டும் ரிசீவர்) எடுத்து என் செட்டைப் பார்த்தேன். 145-இல் பேசினால் 290-இல் தூண் மாதிரி எழுந்து நிற்கிறது. 435-இலும். மனசு சரியில்லை. 290 நமக்குச் சொந்தமான இடம் இல்லை. நான் இத்தனை வருஷமாக அங்கே அழுக்குக் கொட்டிக்கொண்டிருந்தேனா?

2 நவம்பர் 2023

மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவசரப்பட்டுவிட்டேன். டாங்கிளை செட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து 5 வாட் கொடுத்தால் டாங்கிளே திணறி, இல்லாத சமிக்ஞையைத் தானாக உண்டாக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: டாங்கிளின் கெயினை, அதாவது உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, கொஞ்சம் குறைக்க வேண்டும். 145-இல் உள்ள தூண் 10 டெசிபல் இறங்கினால் 290-உம் 10 இறங்க வேண்டும், அது உண்மையாக செட்டிலிருந்து வந்தால். எனக்கு 290 அதைவிட வேகமாகச் சரிந்தது. ஆக, பார்த்ததில் பெரும்பகுதி டாங்கிள் போட்ட பொய்த்தோற்றம்.

அப்படியும் நிம்மதி இல்லை. தெரிந்த விரிவுரையாளர் ஒருவரின் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரம் அனலைசரில், நடுவில் சமிக்ஞையைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் வைத்துப் பார்த்தோம். 290-இல் முதன்மையைவிட 56 டெசிபல் கீழே இருந்தது. அமெரிக்க விதி இந்த ரகச் செட்டுக்கு 25 மைக்ரோவாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது, 5 வாட்டோடு ஒப்பிட்டால் அது 53 டெசிபல் கீழே. தேறிவிட்டது, மயிரிழையில். இது என்னிடம் உள்ள ஒரு செட்டின் கணக்கு மட்டும். உங்களுடையது வேறாக இருக்கலாம், வாய்ப்புக் கிடைத்தால் அளந்து பாருங்கள்.

19 நவம்பர் 2023

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. இன்று சாயங்காலம் என் ஹேண்டியில் இந்தோனேசியாவைக் கேட்டேன்.

ஐஓ-86 என்று ஒரு செயற்கைக்கோள். இந்தோனேசியாவின் லாபான்-ஏ2. 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அஸ்ட்ரோசாட் போன அதே பிஎஸ்எல்வி சி-30-இல் ஏறிப் போனது. மற்ற ஹாம் கோள்களில் பெரும்பாலானவை துருவத்தை ஒட்டிச் சுற்றும், நமக்கு நாளில் சில தடவைதான் தலைகாட்டும். இது பூமத்திய ரேகையை ஒட்டியே, 6 பாகைக்குள், 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நெல்லையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் தெற்கு வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போகும், ஒரு நாளில் 14 தடவை வரை. நமக்கு இப்படி அமைந்தது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று டெல்லிக்காரர்களைக் கேட்டால் தெரியும். குரல் ரிப்பீட்டர் எந்நேரமும் திறந்திருக்காது, அவர்கள் அட்டவணை போடுவார்கள், பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் அனுப்புவது 145.880, டோன் 88.5. கேட்பது 435.880. கோள் நம்மை நோக்கி வரும்போது அதன் வேகத்தால், டாப்ளர் விளைவால், எண் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே இருக்கும், விலகும்போது அவ்வளவு கீழே. அதனால் 5 சேனல் போட்டு வைத்தேன்: 435.890, .885, .880, .875, .870. ஐந்திலும் அனுப்பும் எண் ஒன்றே. கோள் நகர நகர ஒவ்வொரு சேனலாக இறங்கினால் போதும்.

சேனல்களைக் கையால் அடிப்பது பெரும் பாடு. கேபிள் போட்டு சிர்ப் மென்பொருளில் செய்யுங்கள். கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்: பிளக்கை இன்னும் ஒரு தடவை அழுத்துங்கள், கடைசி மில்லிமீட்டர் கிளிக் என்று உள்ளே போகும். அப்புறம் டிரைவர். போலி சிப் வைத்த கேபிள்கள் புது டிரைவரில் ஓடாது, பழையது போட வேண்டும்.

மாடியில் நின்றேன். ஸ்க்வெல்ச் (இரைச்சலை அடக்கும் அமைப்பு) பூஜ்யம், காதில் இயர்போன். ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி நீள ஆன்டெனா போட்டிருந்தேன். முதல் 3 நிமிஷம் வெறும் இரைச்சல். ஆன்டெனாவைக் கோளை நோக்கிக் குத்தீட்டி போல நீட்டக் கூடாது, குறுக்காகப் பிடிக்க வேண்டும். அப்படித் திருப்பியதும் இரைச்சல் சட்டென்று அடங்கி ஒரு குரல். "யாங்கி பிராவோ" என்று தொடங்கியது, இந்தோனேசிய அழைப்புக்குறி. மணிக்கட்டைக் கொஞ்சம் முறுக்கினால் போய்விடும், திரும்ப முறுக்கினால் வரும். அந்த மணிக்கட்டுக் கோணத்தை அசைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு முறை அழைத்தேன். பதில் கிடைக்கவில்லை, கூட்டம் அதிகம். கேட்டதே போதும் இன்றைக்கு.

1983-இல் ஓவன் கேரியட் கொலம்பியா விண்கலத்திலிருந்து முதன்முதலாக ஹாமில் பேசியபோது அவர் கையில் இருந்ததும் ஒரு 2 மீட்டர் ஹேண்டிதான். நேற்றுவரை அது எனக்கு வெறும் வரலாறு.

20 நவம்பர் 2023

இன்று காலை பதில் கிடைத்தது. என் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னார். தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்பதற்கான ஐந்து-ஒன்பது கொடுத்தார்.

25 டிசம்பர் 2023

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

17-ஆம் தேதி ஞாயிறு காலையில் தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு தெரிந்தது. தாமிரபரணி இரண்டு கரையும் தெரியாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பேரோடு நின்றது. செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே இல்லாமல் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். ஞாயிறு இரவே கரண்ட் போனது. திங்கள் காலை நண்பர் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

நாங்கள் இரண்டு பேரும் தினமும் இரவு 9 மணிக்கு 145.500-இல் நேருக்கு நேர் பேசுவது வழக்கம். ரிப்பன் ஆன்டெனா கட்டிய நாளிலிருந்து. சாப்பிட்டாயா, வயலுக்குத் தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான். அந்த வழக்கம் இருந்ததால்தான் இருவருக்கும் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. திங்கள் காலை 7 மணிக்கு மாடிக்குப் போய் அழைத்தேன். மூன்றாவது தடவை வந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், குடும்பத்தோடும் பக்கத்து வீட்டாரோடும் மாடியில் இருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி நின்று பேசுகிறார். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் சென்னையில், கோயம்புத்தூரில், துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் இல்லை.

என் மாடியில் ஒரு மூலையில் மட்டும் ஒரு போனில் சிக்னல் வந்து வந்து போனது. அவர் பெயரும் எண்ணும் சொல்ல, நான் என் மகளின் கணக்கு நோட்டில் எழுதி, அந்த மூலையில் நின்று ஒவ்வொருவராக அழைத்தேன். அன்று 23 பேர். "உங்க அம்மா மாடியில நல்லா இருக்காங்க" என்று சொன்னால் அந்தப் பக்கம் சிலர் பேசவே இல்லை, அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன், எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள். நம் பெயர்களில் ஆணா பெண்ணா என்பதும் மரியாதையும் கடைசி எழுத்துகளில்தான் இருக்கின்றன. "மாரிய..." என்று வந்து முடிவு விழுங்கப்பட்டால் அது மாரியப்பனா மாரியம்மாளா? அவசரத்தில் பேசுகிறவர் சொல் முடியும் முன்னால் பட்டனை விட்டுவிடுவார். அப்படி ஒருவருக்கு அப்பா நலம் என்று சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டியது அம்மா. அவர் அப்பா இறந்து 4 வருஷம். உடனே புரிந்து திருத்தினேன். ஆனாலும் அவர் குரலில் வந்த அந்த ஒரு நொடி இடைவெளியை மறக்க முடியவில்லை.

அதன்பிறகு விதி வைத்தோம். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேச வேண்டும், பேசி முடித்து அரை நொடி கழித்து விட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எழுத்துக்கு எழுத்து: "மு, முருங்கை மு. ரு, ருசி ரு." ஆங்கிலத்தில் ஆல்ஃபா பிராவோ சொல்வது அழைப்புக்குறிக்குச் சரி. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் நமக்குத் தெரிந்த காய்கறியே போதும்.

26 டிசம்பர் 2023

பேட்டரி பற்றி நேற்று எழுதவில்லை, அதுதான் திங்கள் இரவு என்னைத் தூங்கவிடாத கவலை. 1800 மில்லியாம்பியர்-மணி. கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தாங்கும். பேசும்போது ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சார்ஜர் தொட்டிலுக்கு 10 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி பவர்பேங்கில் நேராக ஓடாது.

நண்பரிடம் ஒரே பேட்டரி. அதனால் நேரம் குறித்தோம்: ஒவ்வொரு மணிக்கும் முதல் 5 நிமிஷம் மட்டும் செட் ஆன். 1 வாட்டுக்கு இறக்கினார். முதலில் அவர் தகவலைத் தாளில் எழுதிக்கொண்டு பிறகு வாசிப்பார், யோசித்துப் பேசுவதற்கு பேட்டரி செலவழிக்கவில்லை. டார்ச் விளக்கு செட்டிலேயே இருக்கிறது, அதைப் போடாதே என்று கெஞ்சினேன். புதன் காலை வரைக்கும் தாங்கியது, கடைசிக் கட்டை காட்டிக்கொண்டிருந்தது.

என் பக்கம் சமாளிக்க முடிந்தது. பேட்டரிக்குப் பதிலாகச் செட்டின் முதுகில் மாட்டும் 12 வோல்ட் எலிமினேட்டர் ஒன்று எப்போதோ வாங்கிப் போட்டிருந்தேன். பைக் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் அதில் கொடுத்தேன். டபுள்-ஏ பேட்டரி போடும் பெட்டியும் கிடைக்கிறது. வெள்ளம் வரும் ஊரில் இருப்பவர் இந்த இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். செட்டின் விலையில் சிறு பங்குதான்.

15 ஜனவரி 2024

பொங்கலுக்கு நண்பர் வந்திருந்தார். கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினேன். 23 பெயரையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

11 பிப்ரவரி 2024

மணப்பாடு. விடியற்காலை 6 மணி, கோவில் இருக்கும் மணல்மேட்டில், கரிச்சான் வாலோடு அதே செட், 5 வாட். 145.500-இல் அழைத்தேன். வந்தது 4எஸ்7, இலங்கை அழைப்புக்குறி. நீர்கொழும்புக்குப் பக்கம். வரைபடத்தில் அளந்தால் 230 கிலோமீட்டர். ஐந்து-ஒன்பது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் என் பெயரைக் கேட்டதும் "சுகமா இருக்கிறீங்களா" என்றார். 7 மணிக்கு வெயில் ஏறியதும் கரைந்து போய்விட்டார்.

தெருமுனை தாண்டாது என்ற சீனியருக்கு இதைக் காட்டு தம்பி.

13 பிப்ரவரி 2024

தம்பி, காட்டுவதற்கு முன் இதையும் படி. அந்தக் கணக்கைச் செட்டின் பேரில் எழுதுவது நியாயம் இல்லை. அந்த மேட்டிலிருந்து நேர்ப் பார்வைத் தூரம் 230-க்குப் பக்கத்தில்கூட வராது. நடந்தது வேறு. விடிகாலையில் கடலை ஒட்டி ஈரமான குளிர்காற்று, அதன் மேல் வறண்ட வெதுவெதுப்பான காற்று. இரண்டும் சேரும் இடத்தில் அலை கீழே வளைந்து, குழாய்க்குள் போவது போலக் கடலோடு ஒட்டியே போகும். டக்டிங் என்பது இதுதான். 1982-இல் ரூபவாஹினி வந்த பிறகு நம் கடற்கரை ஊர்களில் சில நாள் கண்ணாடி மாதிரியும் சில நாள் புழுதி மாதிரியும் படம் தெரிந்ததே, நேர்ப் பார்வைக்கு எட்டாத தூரத்தில் அது அப்படி ஏறி இறங்கியதில் இதற்குப் பெரும் பங்கு.

இன்னொன்று. அவரிடம் கோபுரத்தில், ஒரே திசையை நோக்கிக் கேட்கும் யாகி ஆன்டெனா இருக்கிறது. என் மெல்லிய குரலைப் பொறுக்கி எடுத்தது அவருடைய ஆன்டெனா. பாதிக்கு மேல் அவர் உழைப்பு.

3 மார்ச் 2024

தம்பி தேர்வு எழுதிவிட்டேன் என்று எழுதியிருக்கிறான். காகிதம் வரும்வரை செட் வேண்டாம், ஆனால் ரிப்பன் வயரில் ஆன்டெனா செய்ய உரிமம் தேவையில்லை. அளவுகளை அனுப்பியிருக்கிறேன்.

நான் நாளைக்குச் செய்துங்கநல்லூர் போகிறேன். நண்பர் வீட்டுத் தொட்டிக்கு மேல் குழாய் நட இடம் பார்த்துவிட்டோம். இந்தத் தடவை அவர் ஏணியில் நின்று பேச வேண்டியதில்லை, அறைக்குள்ளேயே கேபிள் இறங்கும். 9 மீட்டர் ஆர்ஜி-6 வாங்க வேண்டும். பழைய ரிப்பன் என்னிடம் தீர்ந்துவிட்டது, யாரிடமாவது பரணில் 2 மீட்டர் கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.